அரோகரா சொல்லாத குரல்

திருத்தணி மலையில் எந்தப் படி வழுக்கும், எந்த மண்டபத்தில் உச்சி வெயிலிலும் நிழல் கிடைக்கும், மொட்டை போடுகிற இடத்திலிருந்து சரவணப் பொய்கைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் யூனிஸ் டீச்சரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஆனால் அந்த மலையில் ஒரே ஒரு படிகூட அவள் ஏறினது கிடையாது. பிறந்தது இந்த ஊர், வாழ்க்கைப்பட்டது இந்த ஊர், பாடம் சொல்லிக் கொடுப்பதும் இதே ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். மலை அவள் வீட்டு வாசலில் நின்றாலே தெரியும். ஏறக்கூடாது என்பது அவள் நம்பிக்கை. ஏறவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை அப்படி. செய்கையோ வேறு மாதிரி. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அடிவாரப் பந்தலில் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்துபோனவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு உரியவர்களிடம் சேர்த்தது அவள் குரல்தான். தமிழிலும் கூப்பிடுவாள், தெலுங்கிலும் கூப்பிடுவாள். அந்த நம்பிக்கையும் இந்தச் செய்கையும் எப்படிச் சேரும் என்று மூக்கைச் சுளிக்கிற புத்திசாலிகள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். சுளிக்கட்டும். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சுளித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆரம்பம் அறுபத்தைந்தாம் வருஷம். அப்போது யூனிஸுக்கு முப்பத்திரண்டு வயது. சபைக் கோயிலில் கீர்த்தனை என்றால் அவள்தான் முதல் அடியை எடுக்க வேண்டும். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் தொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு சுருதியில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆடிக் கிருத்திகை வந்தால் சபையார் அடிவாரத்தில் ஒரு வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, பானையில் தண்ணீர் வைத்து, வருகிறவர்களுக்கு ஆண்டவரைப் பற்றிய கைப்பிரதி கொடுப்பார்கள். லட்சம் பேர் காவடி தூக்கிக்கொண்டு அரோகரா போடுகிற இடத்தில் இந்த ஏழெட்டுப் பேர் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வாங்குகிறவர்கள் மரியாதையாக வாங்கி, அதிலேயே விபூதியை மடித்துக்கொண்டு போவார்கள். யூனிஸும் நாலைந்து வருஷமாகக் கொடுத்து வந்தாள், மனசார நம்பித்தான் கொடுத்தாள்.

அந்த வருஷம் மைக் செட் பக்தவச்சலத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திருவிழாத் தகவல் பந்தலில் அறிவிப்புச் சொல்வது அவர்தான். மத்தியானத்துக்கெல்லாம் அவர் குரல் ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்து, பேரும் புரியாமல் ஊரும் புரியாமல் போயிற்று. மாமியாரைத் தொலைத்த மருமகள், பெண்டாட்டியைத் தொலைத்த புருஷன் என்று பந்தலைச் சுற்றி அழுகையும் சத்தமும். காகிதக் கட்டோடு அந்தப் பக்கம் போன யூனிஸை அவர் கை எடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, நாலே நாலு பேரு. பேரைச் சொல்லிட்டுப் போய்டுங்க. ஜனம் அழுதுகினு நிக்குதும்மா."

"பக்தவச்சலம், நீங்க ஒவ்வொரு தடவையும் அரோகரா போட்டுட்டுத்தான ஆரம்பிக்கிறீங்க? நான் அதைச் சொல்ல மாட்டேன்."

"நீங்க ஏன் சொல்றீங்க? அரோகரா என் வேலை. ஆள் பேரு உங்க வேலை. அரோகராவுக்கு என் தொண்டை போதும்மா."

பக்தவச்சலம் கரகரத்து ஒரு அரோகரா போட, யூனிஸ் மைக்கை வாங்கினாள். நாலு பேர் நாற்பது பேரானார்கள், விளக்கு வைக்கிற நேரம் வரை அவள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கையும் தேடின கையைப் பிடித்த போது அவளுக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை வருஷம் காகிதம் கொடுத்து வராத சந்தோஷம் அது. அதை நினைத்து அவளே பயந்தும் போனாள்.

ஒலிபெருக்கிக் குழாய் என்ன, ரகசியம் காக்கவா கட்டியிருக்கிறது? நாலு தெருவுக்கும் கேட்டது. சபைச் செயலாளர் பிரபுதாஸ் வீட்டுக்கும் கேட்டது. ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு எழுத்து பிசகினாலும் ரசீதைத் திருப்பி அனுப்பிப் பழகியவர். கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது நடக்க வேண்டும் அவருக்கு. அடுத்த ஞாயிறு சபை முழுக்க உட்கார்ந்திருக்க யூனிஸை எழுந்து நிற்கச் சொன்னார்.

"கீர்த்தனை பாடுற வாயால விக்கிரக உற்சவத்துக்கு அறிவிப்பு செய்யலாமா? இனிமே அந்தப் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்னு சபைக்கு முன்னால வாக்குக் குடுங்க."

யூனிஸ் கொடுத்தாள். அவர் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. வீட்டுக்கு வந்து அவள் புருஷன் ஜெபதுரையிடம் சொன்னபோது, அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை பார்க்கிற அவர் சிரித்தார்.

"நான் ஓட்டி அனுப்புற வண்டியிலதான் பாதி ஜனம் கிருத்திகைக்கு வந்து இறங்குது. என்னையும் ஒருநாள் எழுந்து நிக்கச் சொல்வாரா உங்க செயலாளர்?"

யூனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வாக்கு வாக்குதான்.

மறுவருஷம் ஊருக்குப் புது ஜனம் வந்தது. பர்மாவிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், இரண்டு மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தவர்கள், பெட்டி படுக்கை போக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து முகாம்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். ஆர்.கே.பேட்டையில் நெசவாளர் வீடுகளில் ஓரிரு குடும்பம், திருத்தணியில் நாலைந்து. இவர்கள் சாமி கும்பிடுகிற விதமே ஊருக்குப் பிடிபடவில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம், அதற்குப் பக்கத்தில் ஏதோ மரத்தடித் தேவதை. இது எந்த மதம் என்று கேட்டால், விளக்கு எரிகிற இடமெல்லாம் எங்கள் மதம்தான் என்பார்கள்.

யூனிஸின் மூன்றாம் வகுப்பிலும் இரண்டு பர்மாப் பெண் குழந்தைகள் சேர்ந்தார்கள். இரண்டும் கன்னத்தில் வட்ட வட்டமாக மஞ்சள் வெளுப்பில் எதையோ அப்பிக்கொண்டு வந்தன. "சேறு பூசிக்கினு பள்ளிக்கூடத்துக்கு வருவீங்களா? போய் மூஞ்சியக் கழுவுங்க" என்று யூனிஸ் விரட்டினாள். இரண்டும் தேம்பித் தேம்பி அழுதன. பிறகுதான் தெரிந்தது, அது தனக்கா என்கிற மரத்தின் பட்டையை அரைத்த பூச்சு. அங்கே தாய்மார் குழந்தைக்கு ஆசையாகப் பூசி அனுப்புவது. அந்தக் குழந்தைகளின் அம்மா கடல் தாண்டிக் கொண்டுவந்த சாமான்களில் அந்தக் கட்டையும் ஒன்று. அன்றைக்கு யூனிஸ் பட்ட வெட்கம் லேசில் போகவில்லை.

அறுபத்தாறு ஆடிக் கிருத்திகை. யூனிஸுக்கு ஸ்டேஷன் ரோட்டில் கைப்பிரதி கொடுக்கிற வேலை. தகவல் பந்தல் பக்கமே போகக்கூடாது என்று பிரபுதாஸ் வேண்டுமென்றே தூரத்தில் போட்டிருந்தார். காலை பத்து மணியிலிருந்து பக்தவச்சலத்தின் கரகரத்த குரல் ஒரே அறிவிப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"முருகனுக்கு அரோகரா! பர்மா தேசத்துப் பொண்ணு மா கின் என்பவரைக் காணோம். மஞ்சள் சேலை. தமிழ் தெரியாது. முட்டி வரைக்கும் கூந்தல். கூந்தலே அடையாளம். புருஷன் மணவாளன் தேடுறாரு. கண்டவங்க பந்தலுக்குக் கூட்டியாங்க!"

கிருத்திகைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் மஞ்சள் சேலைதான். ஆகையால் ஜனங்கள் கூந்தலைத் தேடினார்கள். முட்டி வரை கூந்தல் இருந்தவளெல்லாம் அகப்பட்டாள். நகரியிலிருந்து வந்த ஒரு அம்மாளைத் தொண்டர்கள் கையைப் பிடித்து இழுத்து வர, அவள் "நேனு தப்பிபோலேது, வதலண்டி!" என்று, தான் தொலையவே இல்லை, விடுங்கள் என்று கத்திக்கொண்டே வந்து, தகவல் பந்தலில் மைக்குக்கு முன்னால் நின்று திட்டித் தீர்த்தாள். அந்தத் தெலுங்கு மலை முழுக்கக் கேட்டது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கைப்பிரதி தீர்ந்துபோய், இன்னொரு கட்டு வாங்க யூனிஸ் சபையின் வெள்ளைப் பந்தலுக்கு வந்தாள். உள்ளே பிரபுதாஸ் முகம் பூரித்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, மடியில் புத்தகம். எதிரே, தரையில் மண்டியிட்டபடி ஒரு பெண். அப்போதுதான் மொட்டை அடித்த தலை, தலை நிறையச் சந்தனம். கை கூப்பி, கண் கொட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சத்தம் போடாதீங்க. ஒன்றரை மணி நேரமா கேட்டுகினு இருக்காங்க. நானும் பத்து வருஷமா இங்க வரேன், இந்த மாதிரி ஒரு ஆத்துமாவைப் பார்த்ததில்ல. ரிப்போர்ட்டுல எழுதிட்டேன். பேர் கேட்டா மட்டும் சிரிக்கிறாங்க. பாவம், ஊமை போல இருக்குது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் நெற்றி தரையில் பட அவரை மூன்று தடவை விழுந்து வணங்கினாள். பிரபுதாஸ் பதறிப்போனார். "மனுஷனை வணங்கக்கூடாதும்மா, எழுந்திருங்க, எழுந்திருங்க!" என்று கையை ஆட்டினார். ஆனாலும் முகத்திலிருந்த பூரிப்பு இறங்கவில்லை.

யூனிஸ் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். மொட்டைத் தலைகளுக்கு அன்றைக்குத் திருத்தணியில் பஞ்சமில்லை. சந்தனத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் எல்லாருக்கும் சந்தனம் தலையில்தான் இருக்கும். இவளுக்குக் கன்னத்திலும் இருந்தது, இரண்டு வட்டம், காசு போல. நிறமும் சந்தன நிறமில்லை. மூன்றாம் வகுப்பில் அவள் கழுவச் சொன்ன அதே வெளுப்பு.

"பர்மா?" என்றாள் யூனிஸ். "மா கின்?"

அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிற்று. தலையை ஆட்டி ஆட்டி, பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்தவள் போல என்னென்னவோ பேசினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஊமை இல்லை என்பது பிரபுதாஸுக்கே புரிந்துவிட்டது.

நடந்தது பிறகு தெரிந்த கதை. அவள் புருஷன் மணவாளன் இவளைப் பொய்கைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தாள். அவள் ஊரில் தலை மழிப்பது பெரிய புண்ணியம், கல்யாணத்துக்கு முன்னால் அவளே ஒரு தடவை மழித்துக்கொண்டு மடத்தில் இருந்தவள். கப்பலில் காய்ச்சல் வந்து கிடந்தபோது மனசுக்குள் நேர்ந்துகொண்டதும் இருந்தது. சந்தோஷமாகப் போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வரை இருந்த கூந்தல் ஐந்து நிமிஷத்தில் போயிற்று. எழுந்து திரும்புவதற்குள் காவடிக் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. வழியில் ஒரு வெள்ளைப் பந்தல், தண்ணீர்ப் பானை, வெள்ளை உடுத்திப் புத்தகம் படிக்கிற பெரியவர். அவள் ஊரில் பாதையோரம் பானை வைப்பவர்கள் தர்மவான்கள். மடம்தான் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். குழாயில் வந்த கரகரத்த தமிழில் தன் பேரும் இருப்பது அவள் காதுக்குப் பிடிபடவேயில்லை.

"யாரையாவது விட்டு அந்தப் பந்தல்ல சேர்த்துடச் சொல்லுங்க" என்றார் பிரபுதாஸ், சற்று வாடிப்போய்.

"சேர்த்து என்ன பண்றதுங்க? புருஷன் பந்தல்லயா உக்காந்திருப்பான்? மலை முழுக்கச் சுத்திகினு இருப்பான். பக்தவச்சலம் கூந்தல் கூந்தல்னு கத்துறாரு. அவனும் கூந்தலைத்தான் தேடுறான். அவன் காதுல விழற மாதிரி யாராவது சரியாக் கூப்பிடணும்."

"அதுக்கு?"

யூனிஸ் மா கின்னின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர்." பிரபுதாஸ் எழுந்துவிட்டார். "சபைக்கு முன்னால வாக்குக் குடுத்திருக்கீங்க. வர்ற ஞாயிறு திருவிருந்து. அந்தப் பந்தல்ல கால் வச்சா உங்களுக்குப் பாத்திரம் கிடையாது. பள்ளிக்கூடத்து வேலையைப் பத்தி நான் இப்ப எதுவும் சொல்லல."

யூனிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் ஜெபதுரை சம்பளத்தில் ஒட்டிக்கொள்ளலாம். திருவிருந்தில் திராட்சரசம் தருகிற பாத்திரம் அப்படியில்லை. மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கிண்ணத்தின் விளிம்பு உதட்டில் படுகிற ஒரு நொடிக்காகத்தான் அவள் மற்ற நாட்களையெல்லாம் தாண்டி வருவாள். அது மறுக்கப்பட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாரும் முழங்காலில் நிற்க, கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றும் அவளுக்கு.

"தெரியுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தகவல் பந்தலில் அவளைக் கண்டதும் பக்தவச்சலம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "இன்னாம்மா, வந்துட்டீங்களா! இந்த மொட்டைம்மா யாரு?"

"நீங்க காலையிலருந்து தேடுற கூந்தல்."

பக்தவச்சலம் வாயைப் பிளந்து மொட்டையைப் பார்த்தார். பிறகு, கடமை மாறாமல், மைக்கில் குனிந்து ஒரு அரோகரா போட்டார். மலை திருப்பிச் சொன்னது. யூனிஸ் மைக்கை வாங்கித் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னாள். மா கின் இங்கே இருக்கிறாள், மொட்டை போட்டிருக்கிறாள், மணவாளன் உடனே வரவும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். மணவாளன் வரவில்லை. மேளமும் பம்பையும் அரோகராவும் சேர்ந்த இரைச்சலில் ஒரு அறிவிப்பு மற்றோர் அறிவிப்பு மாதிரியேதான் இருந்தது.

யூனிஸுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. மைக்கை மா கின்னின் வாய்க்கு முன்னால் வைத்தாள். அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். யூனிஸ் தன் நெஞ்சைத் தொட்டு, மலையைக் காட்டி, வாயைத் திறந்து காட்டினாள். கூப்பிடு.

மா கின் கூப்பிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு குரல் உடைந்து, பிறகு வீட்டுக் கொல்லையில் நின்று கூப்பிடுகிற மாதிரி சத்தமாக.

"அக்கோ! கோ மணவாளா! லாபா! டீமா, லாபா!"

ஏங்க, வந்துடுங்க, இங்கே இருக்கேன், வந்துடுங்க. பாஷை ஊர்க்காரர் யாருக்கும் தெரியாது, ஆனால் அர்த்தம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பொய்கைக் கரையிலிருந்து உச்சி மண்டபம் வரை எட்டுக் குழாயிலும் அந்தப் பாஷை போயிற்று. பம்பைக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். அத்தனை பெரிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் புருஷனைக் கூப்பிடுவதைக் கேட்டது.

பிறகு வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கிழவர், கையில் காவடியோடு ஓடி வந்தார். மணவாளன் இல்லை. அடுத்து இரண்டு பெண்கள், செங்குன்றம் பக்கத்து முகாமிலிருந்து வந்தவர்கள். அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் யூனிஸின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இரண்டும் அம்மாவோடு. பர்மாவிலிருந்து வந்து கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையில், ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தவர்கள். இனி இந்த ஜென்மத்தில் காதில் விழாது என்று நினைத்திருந்த பாஷை முருகன் மலையின் ஒலிபெருக்கியில் கேட்கிறதென்றால் எப்படி நிற்பார்கள்? இருபது பேர், இருபத்தைந்து பேர். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், எந்தக் கப்பல், எந்தத் தெரு என்று கேட்டார்கள். அந்தக் கிழவரும் மா கின்னும் ரங்கூனில் ஒரே தெரு. யூனிஸ் அவர்களைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். வெட்கமே படவில்லை.

கடைசியில் மணவாளன் வந்தான். மலையுச்சியிலிருந்து இறங்கி ஓடி வந்தவன், மா கின்னைத் தாண்டி உள்ளே போய், "எங்கங்க, எங்க அவ?" என்று பக்தவச்சலத்தின் சட்டையைப் பிடித்தான். மா கின் பின்னாலிருந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். திரும்பினான். மொட்டையைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்து ஆட்டி ஏதோ கேட்டாள்.

"நேர்த்திக்கு நீ ஏன் இன்னும் மொட்டை போடலன்னு கேக்குறாம்மா" என்றான் மணவாளன் அழுதுகொண்டே. பந்தல் முழுக்கச் சிரித்தது.

அதற்குள் மற்றவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள், தகப்பனைத் தொலைத்தவர், தங்கையைத் தொலைத்தவர் என்று. வைத்த கால் வைத்ததுதானே. யூனிஸ் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் வரை கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது அவளுக்குக் குரலே இல்லை. காற்றுதான் வந்தது. அப்படியே கோயிலுக்குப் போனாள். கீர்த்தனையை யாரும் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் இரண்டாம் அடியில் விட்டார்கள். திருவிருந்துக்கு முன்னால் பிரபுதாஸ் எழுந்து, ஜிப்பாப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் குற்றச்சாட்டை வாசித்தார். வாக்கு மீறியது, விக்கிரகப் பந்தலில் உட்கார்ந்தது, மாலை வரை உட்கார்ந்தது.

"டீச்சர், பதில் சொல்லலாம்."

யூனிஸ் எழுந்து வாயைத் திறந்தாள். காற்று. சபை முழுவதும் அவளையே பார்த்தது. ஊரையெல்லாம் கூப்பிட்ட வாய்க்குத் தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. பக்கத்தில் ஜெபதுரை எழுந்தார், அவள் அவர் கையை அழுத்தி உட்காரவைத்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல் தட்டியது. மா கின், தலையில் ஒரு புது மண்பானை நிறையத் தண்ணீர். பின்னால் மணவாளன், இப்போது அவனும் மொட்டை. அவனுக்குப் பின்னால் அன்றைக்குப் பந்தலுக்கு ஓடி வந்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர். மா கின் நேராக உள்ளே வந்து பானையைப் பிரபுதாஸ் காலடியில் இறக்கி வைத்து, யாரும் தடுப்பதற்குள் அவரை மூன்று தடவை விழுந்து வணங்கினாள். எழுந்து யூனிஸிடம் வந்து அவளையும் மூன்று தடவை.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றான் மணவாளன். "நடுவுல வந்துட்டோம். வேத்து ஆளுக்குத் தண்ணி குடுத்து நிழல்ல உக்கார வச்சீங்களாம், பானை குடுக்கணும்னு இவளுக்கு ஒரே பிடிவாதம். ஐயா வச்ச நிழலும் டீச்சரம்மா குரலும் ஒண்ணுதான்னு சொல்றா. இல்ல, இது வேற சாமி, அது வேற சாமின்னு நானும் மூணு நாளா சொல்லிகினு வரேன். கேக்க மாட்டேன்றா."

பிரபுதாஸ் கையில் காகிதம் இருந்தது. அவர் பானையைப் பார்த்தார். அவரும் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் தன் நம்பிக்கையைச் சொன்னவர்தான், அவளோ ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொள்ளாமல் தண்ணீரையும் நிழலையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், அதற்கே நன்றி சொல்லத் திரும்பி வந்திருக்கிறாள். போதகர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சபையும் பார்த்தது. ரசீதில் ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷன் காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், ஜிப்பாப் பைக்குள் போட்டார்.

"டீச்சருக்குத் தொண்டை சரியில்ல" என்றார். "யாராவது சுடுதண்ணி கொண்டாங்க."

அன்றைக்கு யூனிஸ் மற்றவர்களோடு முழங்காலில் நின்றாள். பாத்திரம் வரிசையில் அவளிடம் வந்தது. தாண்டிப் போகவில்லை.

அதற்காகப் பிரபுதாஸ் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறந்ததும் அதே குற்றச்சாட்டைச் சபையில் வாசிப்பார். ஒவ்வொரு வருஷமும் யூனிஸ் போய் உட்காருவாள். உட்கார்ந்த அரை மணியில் சபைப் பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்க் வரும், மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர். இப்படியே பதினேழு வருஷம் ஓடிற்று. அவர் நம்பிக்கையை அவர் விடவில்லை, அவள் நம்பிக்கையை அவள் விடவில்லை. மலைமேல் ஒரு படி ஏறவில்லை, பிரசாதம் கொடுத்தால் கும்பிட்டு மறுத்துவிடுவாள், அரோகரா என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை. அதைப் பக்தவச்சலம்தான் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்னால் போட்டுக் கொடுத்தார்.

எண்பத்துமூன்றாம் வருஷம் சித்திரையில் பக்தவச்சலம் போய்விட்டார். ஆடிக் கிருத்திகையன்று யூனிஸ் வழக்கம்போலப் பந்தலில் வந்து உட்கார்ந்தாள். மைக் செட்டை இப்போது பார்த்துக்கொள்கிற அவர் மருமகன் கம்பத்தின்மேல் ஏறிக் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தான். தொலைந்தவர் பேர் எழுதின முதல் சீட்டு வந்துவிட்டது. யூனிஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அரோகரா வரவில்லை. யார் போடுவார்கள்? கூட்டம் குழாயைப் பார்த்து நின்றது. பதினெட்டு வருஷமாக அவளுக்கு முன்னால் வந்துகொண்டிருந்த அந்தக் கரகரத்த குரல் இல்லாமல் பந்தலே வெறிச்சென்று இருந்தது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் தொடங்கவும் மனசில்லை.

பக்கத்து நாற்காலியில் மா கின் இருந்தாள். ஊருக்கு அவள் பர்மாக்கா. கூந்தல் மறுபடி முட்டிக்கு வந்திருந்தது, கன்னத்தில் அதே இரண்டு வட்டம். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிப் பேரப்பிள்ளை எடுத்தவள், தமிழும் தெலுங்கும் இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுவாள், கிருத்திகைக்குக் கிருத்திகை யூனிஸுக்குத் துணையாக வந்து உட்காருவாள். வீட்டில் அவளுக்கு இன்னும் புத்தர் படம்தான் முதல்.

அவள் யூனிஸின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னாக்கா யோசன? நான் போட்றேன்" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "முருகனுக்கு..."

மலை மொத்தமும் அரோகரா என்று முழங்கியது. முழக்கம் பொய்கைக் கரையில் தொடங்கிப் படிப்படியாக உச்சி வரை ஏறிப் போய் அடங்கும் வரை யூனிஸ் பொறுத்திருந்தாள். வெள்ளைப் பந்தல் பக்கமிருந்து, எண்பதைத் தொட்ட பிரபுதாஸ் தடியை ஊன்றிக்கொண்டு பிளாஸ்க்கோடு தானே நடந்து வருவது தெரிந்தது. யூனிஸ் மைக்கைத் திருப்பி வாங்கிச் சீட்டைப் பிரித்துப் பேரைக் கூப்பிட்டாள்.